சுவர் (மார்லன் ஹவுஸ்ஹோஃபரின் நாவல்)

'சுவர்' ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லன் ஹவுஸ்ஹோஃபர் (1920–1970) ஜெர்மன் மொழியில் எழுதிய நாவல். 'டி வாண்ட்' என்ற மூலத் தலைப்பில் 1963இல் வெளிவந்தது. ஆல்ப்ஸ் மலைக்காட்டில் ஒரு வேட்டைக் குடிலில் தனித்துவிடப்பட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி, ஒரு நாய், ஒரு பசு, ஒரு பூனை ஆகியவற்றோடு வாழ்ந்த இரண்டரை ஆண்டு வாழ்க்கையை அறிக்கையாக எழுதிவைப்பதுபோல் அமைந்தது. நாவலில் அத்தியாயப் பிரிப்பு இல்லை. உரையாடல் ஏறக்குறைய இல்லை. கதைசொல்லியின் பெயர் கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

உலக அழிவுக்குப் பிந்தைய கதைகளின் வரிசையில் இந்நாவலை வைப்பவர்கள் உண்டு. குடும்பத்திலிருந்து விடுபட்ட பெண்ணின் விடுதலைக் கதையாக வாசிப்பவர்களும் உண்டு. இரண்டு வாசிப்புகளுக்கும் நாவலில் இடமிருக்கிறது. ஆனால் நாவலின் பெரும்பகுதி பால் கறப்பது, விறகு அறுப்பது, உருளைக்கிழங்கு நடுவது, புல் அறுத்துக் காயவைப்பது ஆகியவற்றைப் பற்றியது. அழிவையோ விடுதலையோ மட்டும் தேடிப் படிப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் பின்னணியாகக் கடந்துவிடுகிறார்கள். நாவலின் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. பிறரைப் பேணுவதிலேயே தன் ஆயுளில் பாதியைக் கழித்த ஒரு பெண்ணுக்கு, அந்தப் 'பிறர்' அனைவரும் ஒரே இரவில் இல்லாமல் போனபின் என்ன மிஞ்சும்?

ஆசிரியர்

ஹவுஸ்ஹோஃபர் மேல் ஆஸ்திரியாவில் மோல்ன் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஃப்ரவுன்ஸ்டைனில் 1920 ஏப்ரல் 11 அன்று பிறந்தார். தந்தை வன அலுவலர். காட்டோரத்து வீட்டில் வளர்ந்த சிறுமி பின்னர் லின்ஸ் நகரில் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வியன்னாவிலும் கிராட்ஸிலும் ஜெர்மன் இலக்கியம் படித்தார், பட்டப்படிப்பை முடிக்கவில்லை. 1941இல் மன்ஃப்ரெட் ஹவுஸ்ஹோஃபரை மணந்தார். பல் மருத்துவரான கணவரோடு ஷ்டையர் நகரில் குடியிருந்து இரண்டு மகன்களை வளர்த்தார். 1950இல் இருவரும் மணமுறிவு பெற்றனர். ஊருக்குச் சொல்லாமல் ஒரே வீட்டில் தொடர்ந்து வாழ்ந்து, 1958இல் மீண்டும் மணந்துகொண்டனர்.

ஆசிரியரின் வாழ்க்கையை நாவலோடு முடிச்சுப் போடுவது பல நேரங்களில் வெறும் வம்பாகிவிடும். இங்கே ஒரு செய்தி மட்டும் உதவும். வீட்டு வேலைகளுக்கு நடுவே எழுதியவர் அவர். கணவரின் மருத்துவமனை, சமையல், பிள்ளைகள் என்று போக எஞ்சிய நேரமே எழுத்துக்குக் கிடைத்தது. வேலை தின்ற நாள் எப்படிப்பட்டது என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும். நாவலின் வேலைப் பட்டியல்கள் சலிப்பூட்டாமல் இருப்பதற்கு அந்த அறிவே காரணம். 1970 மார்ச் 21 அன்று வியன்னாவில் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது நிறையவில்லை.

கதை

கதைசொல்லி கணவனை இழந்தவள், நாற்பதைக் கடந்தவள், வளர்ந்த இரண்டு மகள்களின் தாய். ஏப்ரல் மாதக் கடைசி நாளில் தன் உறவுக்காரி லூயிஸெயோடும் அவள் கணவன் ஹூகோவோடும் மலையிலுள்ள அவர்களது வேட்டைக் குடிலுக்கு வருகிறாள். ஹூகோ பணக்காரன், பயந்தாங்கொள்ளி. அணுப்போர் வந்துவிடுமோ என்று அஞ்சித் தீப்பெட்டி, மாவு, மருந்து என்று குடிலில் சேர்த்துவைத்திருக்கிறான். மாலையில் தம்பதி இருவரும் கீழே கிராமத்துக்கு நடந்து செல்கிறார்கள். திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை ஹூகோவின் வேட்டைநாய் லுக்ஸோடு அவர்களைத் தேடிப் போகிறாள். மலை இடுக்கில் முன்னால் ஓடிய நாய் எதிலோ மோதி வாயில் இரத்தம் வழியத் திரும்புகிறது. அவள் கையை நீட்டிப் பார்க்கிறாள். கண்ணுக்குத் தெரியாத, குளிர்ந்த, வழுவழுப்பான ஒன்று வழியை மறித்து நிற்கிறது. அதற்கு அப்பால் நீர்த்தொட்டியருகே ஒரு முதியவர் நிற்கிறார், தண்ணீரை அள்ளக் குவித்த கை பாதியில் நின்றபடி. அவர் அசையவே இல்லை. சுவருக்கு அப்பால் புல்லும் மரமும் வளர்கின்றன. மனிதரும் விலங்குகளும் கல்லாகச் சமைந்திருக்கின்றனர்.

சில நாட்களில், பால் கறப்பாரின்றி மடி கட்டிக்கொண்டு கதறும் பசு ஒன்று அவளிடம் வந்து சேர்கிறது. அதற்குப் பெல்லா என்று பெயர் வைக்கிறாள். பெல்லா சினையாக இருப்பது பிறகு தெரிகிறது. ஒரு பூனையும் வருகிறது. குளிர்காலத்தில் பெல்லா காளைக்கன்று ஈனுகிறது. அதற்கப்புறம் கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பருவங்கள் மாறுகின்றன. பூனைக்குட்டிகள் பிறக்கின்றன, சாகின்றன. கோடையில் பசுவையும் காளையையும் ஓட்டிக்கொண்டு உயரத்திலுள்ள மேய்ச்சல் புல்வெளிக்கு ஏறுகிறாள். அந்தப் புல்வெளியில்தான் நாவலின் ஒரே வன்முறைச் சம்பவம் நிகழ்கிறது.

அதை ஆசிரியர் மர்மமாக வைத்திருக்கவில்லை. லுக்ஸ் இறந்துவிட்டது என்பதை அறிக்கையின் தொடக்கத்திலேயே கதைசொல்லி சொல்லிவிடுகிறாள். ஆகவே நாய் துள்ளி ஓடும் ஒவ்வொரு பக்கத்தையும் வாசகர் அதன் சாவை அறிந்தபடியே படிக்கிறார். 'அடுத்து என்ன' என்ற ஆவலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துக்கத்தை வைப்பது சாதாரணத் துணிச்சல் அல்ல.

வேலையும் நாட்காட்டியும்

தனித்து விடப்பட்ட மனிதனின் கதை என்றதும் டேனியல் டெஃபோவின் 'ராபின்சன் குரூசோ' (1719) நினைவுக்கு வரும். விமர்சகர்கள் ஹவுஸ்ஹோஃபரின் கதைசொல்லியைப் 'பெண் குரூசோ' என்று அழைப்பதுண்டு. ஒப்பீடு ஓரளவு பொருந்தும். இருவரும் இருப்பைக் கணக்கெடுக்கிறார்கள், நாட்களைக் குறித்துக்கொள்கிறார்கள், பயிரிடுகிறார்கள். வேறுபாடு இதைவிட முக்கியமானது. குரூசோ தீவைத் தன் உடைமையாக்குகிறான், அரசனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறான், பின்னர் கிடைக்கும் மனிதனை வேலைக்காரனாக்கிக்கொள்கிறான். இவளுக்குக் காட்டின் மேல் உரிமை கொண்டாடத் தோன்றுவதே இல்லை. தன்னிடம் எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்று அவள் எண்ணுவதைவிட, எத்தனை உயிர்கள் தன்னை நம்பி இருக்கின்றன என்று எண்ணுவதே அதிகம்.

இந்த எண்ணம் நாவலின் மிக முக்கியமான முடிவொன்றைத் தீர்மானிக்கிறது. சுவருக்கு அடியில் மண்ணைத் தோண்டி அப்பால் போய்ப் பார்க்கலாமா என்று அவள் யோசிக்கிறாள். சாகசக் கதை எழுதும் எவரும் அந்தச் சுரங்கத்தை ஐம்பது பக்கம் தோண்டியிருப்பார்கள். இவள் தோண்டவில்லை. பெல்லாவைக் கறக்க வேண்டும், புல் அறுக்க வேண்டும். இவை உயிரோடு இருக்கும்வரை தான் போக முடியாது என்று விட்டுவிடுகிறாள். அவளை அங்கே நிறுத்திவைப்பது சுவர் மட்டுமல்ல என்பது இந்த இடத்தில் தெரிகிறது.

வேலையைப் பற்றிய விவரிப்புகள் நுணுக்கமானவை. நீள்பிடி அரிவாளால் புல் அறுப்பதை அவள் இளம்பருவத்தில் கிராமத்தில் கற்றிருந்தாள். இருபது ஆண்டு நகர வாழ்க்கைக்குப் பிறகு கை அந்த வீச்சை மெல்ல நினைவுகூர்கிறது. மனத்துக்கு முன்பே உடல் நினைவுகூர்கிறது. பசுவுக்குக் கொட்டில் ஒழுங்குசெய்கிறாள். உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் கொத்திய நிலத்துக்கு வேலி கட்டுகிறாள். இறைச்சிக்காக மான் சுட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை வெறுக்கிறாள், வெறுத்துக்கொண்டே செய்கிறாள், அந்த வெறுப்புக்குப் பழகிவிடவும் மறுக்கிறாள். கடும் காய்ச்சலில் கிடக்கும்போதும் எழுந்து தடுமாறிக் கொட்டிலுக்குப் போய்ப் பால் கறக்கிறாள். இதை வீரமாக அவள் சொல்வதில்லை. கறக்காவிட்டால் பசுவுக்கு வலிக்கும், அவ்வளவுதான்.

அறிக்கையின் நடை இந்த வேலைக்கு ஏற்றது. அன்றாடம் நாட்காட்டியில் கிறுக்கிவைத்த குறிப்புகளிலிருந்து அவள் பின்னாளில் எழுதுகிறாள். கிடைத்த பழைய காகிதங்களின் வெற்றுப் பக்கங்களே அவளுடைய தாள். எனவே வாக்கியங்கள் குட்டையாகவும் வறண்டும் இருக்கின்றன. வர்ணனைக்காக ஒரு சொல்லைச் செலவிடத் தயங்குகிறவளின் நடை அது. தீக்குச்சியை எண்ணிச் செலவிடுகிறவள் சொல்லையும் அப்படியே செலவிடுகிறாள்.

இயற்கையின் மடியில் ஆறுதல் தேடும் நூல்களோடு இதைச் சேர்ப்பது தவறாகப் போகும் இடமும் இதுவே. ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் வாழ்ந்தபோது நடந்துபோகும் தொலைவில் ஊர் இருந்தது. விரும்பியபோது ஊருக்குப் போனார், விரும்பியபோது எளிமையைக் கைவிடவும் முடிந்தது. ஹவுஸ்ஹோஃபரின் காட்டில் எளிமை ஒரு கொள்கை அல்ல. புல்லை மழை வருமுன் காயவைக்காவிட்டால் பசு குளிர்காலத்தைத் தாண்டாது. மேய்ச்சல் புல்வெளியில் விண்மீன்களைப் பார்த்துக் கிடக்கும் இரவுகள் நாவலில் உண்டு. 'நான்' என்ற எல்லை கரைவதுபோல் அவள் உணரும் இடங்கள் அவை. ஆனால் கரைந்துபோவதை அவள் ஐயத்தோடுதான் பார்க்கிறாள். விலங்காகிவிடாமல் இருக்க வேண்டும், மனிதர் விலங்கானால் விலங்கைவிடக் கீழே விழுந்துவிடுவார் என்ற அச்சம் அவளுக்கு இருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் நாட்காட்டியில் நாளை அடிப்பதும் அதனால்தான்.

மகள்கள்

நாவலில் மிகவும் சங்கடப்படுத்தும் பகுதி, அவள் தன் மகள்களை நினைக்கும் விதம். இருவரும் சுவருக்கு அப்பால் இறந்திருக்க வேண்டும். அவர்களுக்காக அவள் அழுவது குறைவு. நினைக்கும்போதெல்லாம் அவர்கள் ஐந்து வயதுக் குழந்தைகளாகவே நினைவுக்கு வருகிறார்கள். வளர்ந்து பெரியவர்களான பெண்கள் தனக்கு அந்நியர் என்றும், அவர்கள் எப்போதோ தன் வாழ்விலிருந்து வெளியேறிவிட்டதாகவும் அவள் எழுதுகிறாள். நாய்க்காகத் துடிப்பவள் பெற்ற பிள்ளைகளுக்காக இப்படி இருக்க முடியுமா என்று வாசகர் முகம் சுளிக்கக்கூடும்.

ஹவுஸ்ஹோஃபர் இதை மறைக்கவோ மழுப்பவோ இல்லை. கதைசொல்லி தன் பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, அங்கே வேலை, கவலை, நேரமின்மை ஆகியவற்றால் அமுங்கிப்போன பெண்ணொருத்தியைக் காண்கிறாள். அவள்மேல் இரக்கமும் வருகிறது, பொறுமையின்மையும் வருகிறது. முன்பும் அவள் பேணினாள், இப்போதும் பேணுகிறாள். சமையலறையிலிருந்து கொட்டிலுக்கு மாறியது மட்டுமே மாற்றம் என்று வாதிட முடியும். விடுதலை வாசிப்பு இடறும் கல் இது. அன்பு ஒரு தளை, அதை அறுக்கத் தனக்குத் தெரியவில்லை என்பதை அவளே உணர்ந்திருக்கிறாள்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முன்பு செய்த வேலைக்கு அவள் எப்படித் தோன்ற வேண்டும், என்ன பேச வேண்டும், எதை விரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. பெல்லா அவளிடம் அப்படி எதையும் கேட்பதில்லை. அவள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்கிறாள். கைகள் காய்த்துப்போகின்றன. கண்ணாடியில் தெரியும் முகம் யாருக்கும் தேவைப்படாத முகம் என்பதால் அது தனக்கும் தேவையில்லை என்றாகிறது. தன்னைப் பெயர் சொல்லி அழைக்க யாரும் இல்லாததால் தன் பெயரே இல்லாமல் போய்விட்டது என்கிறாள். இதை இழப்பாக மட்டும் அவள் சொல்லவில்லை, நிம்மதியாக மட்டும் சொல்லவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க நாவல் வாசகரைக் கட்டாயப்படுத்துகிறது.

சுவர் எது?

நாவல் எழுதப்பட்ட காலத்தில் பெர்லின் சுவர் எழுந்தது (1961). கியூபா ஏவுகணை நெருக்கடி (1962) உலகை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. சுவர் ஒரு புதிய ஆயுதமாக இருக்கலாம், நிலத்தைக் கெடுக்காமல் உயிர்களை மட்டும் கொல்லும் ஆயுதம் என்று கதைசொல்லியும் ஊகிக்கிறாள். வென்றவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று வியக்கிறாள். பிறகு அந்த ஊகத்தில் ஆர்வம் இழந்துவிடுகிறாள். நாவலும் இழந்துவிடுகிறது. சுவருக்கு அறிவியல் விளக்கம் எதிர்பார்க்கும் வாசகர் ஏமாறுவார்.

ஹவுஸ்ஹோஃபரின் மற்ற நூல்களைச் சேர்த்துப் படிக்கும்போது சுவர் பழகிய பொருளாகத் தெரியத் தொடங்கும். 'நாம் ஸ்டெல்லாவைக் கொல்கிறோம்' (1958) என்ற குறுநாவலில், கணவன் ஒரு இளம்பெண்ணின் வாழ்வைச் சிதைப்பதைப் பார்த்தும் வாய் திறக்காத மனைவி, வீட்டில் தனியாக இருக்கும் இரண்டு நாட்களில் அந்தக் கதையை எழுதுகிறாள். சன்னல் கண்ணாடிக்கு வெளியே கூட்டிலிருந்து விழுந்த பறவைக்குஞ்சு கத்துகிறது. அவள் வெளியே போய் அதை எடுப்பதில்லை. 'மாடம்' (1969) நாவலில் மனைவி திடீரெனக் காது கேளாதவளாகிக் காட்டுக்குள் அனுப்பிவைக்கப்பட்டிருக்கிறாள். கண்ணாடி, செவிட்டுத்தன்மை, சுவர் என்று வடிவம் மாறினாலும், உலகத்துக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஊடுருவிப் பார்க்கத்தக்க, கடக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. மற்ற நூல்களில் அந்தத் தடை பெண்ணைச் செயலற்றவளாக்குகிறது. 'சுவ'ரில் மட்டும் அவள் செயல்படுகிறாள்.

புல்வெளியில் ஒருவன்

நாவலின் இறுதியில் மேய்ச்சல் புல்வெளிக்கு ஒரு ஆண் வருகிறான். எங்கிருந்து வந்தான், இவ்வளவு காலம் எப்படிப் பிழைத்தான் என்பது தெரியாது. அவன் கோடரியால் காளையை வெட்டிக் கொல்கிறான், பாய்ந்து வந்த லுக்ஸையும் கொல்கிறான். அவள் துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறாள். எல்லாம் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. காளையின் பக்கத்தில் அவன் கிடப்பதை விரும்பாமல் உடலைச் சரிவில் தள்ளிவிடுகிறாள். லுக்ஸைப் புதைக்கிறாள்.

இந்தக் காட்சியைக் குறையாகச் சொல்லும் விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. முகமில்லாத ஒருவனை எங்கிருந்தோ வரவழைத்து, ஆண் என்றாலே அழிவு என்று தீர்ப்பெழுதிவிட்டதாக அது படும். அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. உலகில் எஞ்சிய ஒரே மனிதனாக இருக்கக்கூடிய அவனோடு பேச முயலாமலே அவள் சுட்டுவிடுகிறாள். இக்காட்சிக்கு முந்தைய பக்கங்களில் எதையும் விட்டுவிடாமல் பொறுமையாக எழுதியவள், இங்கே மட்டும் அவசரப்படுகிறாள்.

அந்த அவசரத்தைக் கலைக்குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அவன் ஏன் கொன்றான் என்பது தனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் அவளை அரிக்கிறது. அறிக்கை முழுவதுமே அந்த நாளை எழுதுவதற்குத் துணிவு சேர்க்கும் முயற்சி என்றுகூடச் சொல்லலாம். நவம்பர் 5 அன்று எழுதத் தொடங்கியவள், குளிர்காலம் முழுவதும் உருளைக்கிழங்கையும் பனியையும் பூனைகளையும் எழுதிக் கடைசியில்தான் அங்கே வந்து சேர்கிறாள். 'நாம் ஸ்டெல்லாவைக் கொல்கிறோம்' நாவலின் மனைவி கணவனைத் தடுக்காமல் இருந்ததை எழுதினாள். இவள் தடுக்கப் பார்த்தும் தாமதமாகிவிட்டதை எழுதுகிறாள். நாயைக் காப்பாற்ற முடியவில்லை. அவனுக்காகத் துக்கப்படுவதாக ஒரு வரியும் எழுதப்படவில்லை. அந்த வரி இல்லாததைப் படித்துவிட்டு நிம்மதியாக நூலை மூடுவது கடினம்.

வரவேற்பு

நாவல் வெளிவந்தபோது பெரிதாகப் பேசப்படவில்லை. 1968இல் மறுபதிப்பு வந்தது. ஆசிரியர் இறந்து பத்தாண்டுகளுக்குமேல் ஆன பிறகு, 1980களில் பெண்ணிய இயக்கத்தைச் சேர்ந்த வாசகர்கள் அதைக் கண்டெடுத்துப் பரப்பினர். ஷான் வைட்சைடின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1990இல் வந்தது. 2012இல் யூலியான் பொல்ஸ்லர் இயக்கத்தில் மார்டினா கெடெக் நடித்து ஜெர்மன் மொழித் திரைப்படமாகியது. படத்தில் நாவலின் வரிகள் பின்னணிக் குரலாக ஒலிக்கின்றன. மலையும் பனியும் படத்தில் மிக அழகாக இருக்கின்றன. நாவலில் இருப்பதைவிட அழகாக இருக்கின்றன என்பதே படத்தின் மேல் சொல்லத்தக்க குறை. நாவலில் மலையைப் பார்த்து நிற்க அவளுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 25 அன்று அறிக்கை நின்றுவிடுகிறது. எழுதத் தாள் இல்லை என்பதுதான் காரணம். தோட்டாக்களும் தீக்குச்சிகளும் ஒருநாள் தீரும் என்பது அவளுக்குத் தெரியும். மற்ற காகங்கள் விரட்டிவிடும் வெள்ளைக் காகம் ஒன்று குடிலுக்கு அருகிலுள்ள வெட்டவெளிக்கு வருவது வழக்கம். எழுதி முடித்த கையோடு அதற்கு இரைபோட அவள் எழுந்து போகிறாள்.